தோல் எங்கே இருக்கிறது? (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்கா,

நான் கைப்பேசியில் அமானுஷ்யக் காதல் கதைகள் நிறைய வாசிப்பவள். ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், தேவதை என்று எதையும் விட்டதில்லை. இரண்டு வருடமாக நானும் ஓர் இணையதளத்தில் தொடர் எழுதுகிறேன். இப்போது எழுதுவது ஒரு செல்கியின் கதை. ஸ்காட்லாந்துக் கடலில் சீல் என்ற கடல் மிருகமாக வாழ்ந்து, கரையேறும்போது தோலைக் கழற்றிவிட்டுப் பெண்ணாக மாறுகிறவள். அவளை ஒரு மீனவன் பார்க்கிறான், மயங்குகிறான், அவள் திரும்பிப் போய்விடக் கூடாது என்று தோலை ஒளித்துவைக்கிறான். அதைக் காதலின் உச்சம் என்று நினைத்து உருகி எழுதினேன். ஒரு வாசகி, "இது காதல் இல்லை, கடத்தல்" என்று பின்னூட்டம் போட்டுவிட்டார். அதிலிருந்து எழுத ஓடவில்லை.

என் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறார். ஆறு மாதம், சில சமயம் ஒன்பது மாதம் ஆகும் அவர் வர. அவரிடம் ஒளித்துவைக்கிற மாதிரி ஒரு தோல் இருந்திருந்தால் நான் கட்டாயம் ஒளித்திருப்பேன். அதனால் என் மீனவனைக் கெட்டவனாக என்னால் பார்க்க முடியவில்லை. அந்த வாசகி சொன்னது சரியா? பழைய கதைகள் எல்லாமே அவள் போய்விடுவதில்தான் முடியும் என்கிறார்கள். அப்படியானால் மகிழ்ச்சியான முடிவுக்கு நான் எங்கே போவது? நம்மிடம் இப்படி ஒரு கதை உண்டா?

ர., தூத்துக்குடி

*

அன்புள்ள ர.,

அந்த வாசகி சொன்னது சரிதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டார். கதை அதற்குப் பிறகும் நெடுந்தூரம் போகிறது, உங்களுக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தின் ஓர்க்னி, ஷெட்லாண்ட் தீவுகளில் 'செல்கி' என்பது சீலுக்கு அன்றாடம் வழங்கும் பெயர். பாறையில் வெயில் காயும் மிருகமும் தோலைக் கழற்றி ஆடும் பெண்ணும் அவர்களுக்கு ஒரே சொல்தான். நாம் 'கடல்நாய்' என்று எழுதினால் வாசகர் மனதில் நாய் வந்து நின்றுவிடும், காதல் வராது. நீங்கள் 'செல்கி' என்றே வைத்துக்கொண்டது நல்லது.

ஓர்க்னியின் சான்டே தீவைச் சேர்ந்த வால்டர் ட்ரெயில் டென்னிசன் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் வாய்வழியாகச் சொன்னதைக் கேட்டு எழுதிவைத்தார். அதில் வாஸ்ட்னெஸ் பண்ணைக்காரர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வசதியானவர், கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர். ஒருநாள் கடல் வற்றிய நேரத்தில் செல்கிகள் பாறைமேல் விளையாடுவதைப் பார்க்கிறார். ஓடிப்போய் ஒரு தோலை எடுத்துக்கொள்கிறார். மற்றவை தத்தம் தோலைப் போர்த்திக்கொண்டு நீரில் பாய்ந்துவிடுகின்றன. ஒருத்தி மட்டும் அழுதுகொண்டே அவர் பின்னால் வருகிறாள். கெஞ்சுகிறாள். அவரும் கெஞ்சுகிறார். கடைசியில் அவருடன் வாழ ஒப்புக்கொள்கிறாள். ஏழு பிள்ளைகள் பிறக்கின்றன. நல்ல மனைவி, நல்ல தாய் என்று ஊரே சொல்கிறது.

ஒருநாள் அவரும் மூன்று மகன்களும் படகில் மீன்பிடிக்கப் போகிறார்கள். வேறு மூன்று பிள்ளைகளைச் சிப்பி பொறுக்க அனுப்பிவிடுகிறாள். காலில் புண் என்பதால் கடைக்குட்டிப் பெண் மட்டும் வீட்டில் இருக்கிறாள். தாய் வீடு முழுக்கத் தேடுகிறாள். என்ன தேடுகிறாய் என்று கேட்கிறது குழந்தை. உன் கால் புண்ணுக்குச் செருப்புத் தைக்க ஒரு நல்ல தோல் தேடுகிறேன் என்கிறாள். "எனக்குத் தெரியும். ஒருநாள் நீங்கள் எல்லாரும் வெளியே போயிருந்தபோது, நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு அப்பா அதைக் கூரை இடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்தார்" என்கிறது குழந்தை.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். இத்தனை வருடம் கழித்தும் அவர் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தத் தோலை எடுத்துப் பார்க்கிறார். ஏழு பிள்ளை பெற்ற பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை. ஒரு பெண் தன்னுடன் இருப்பது தன்னாலா, தான் பூட்டிவைத்த பொருளாலா என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தோலை ஒளித்தவருக்கு விழுந்த அடி அதுதான். உங்கள் மீனவனைக் கெட்டவனாக எழுத வேண்டாம், சரி. ஆனால் அவன் தூக்கத்தை எழுதுங்கள்.

அவள் தோலை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். கடலில் ஓர் ஆண் செல்கி அவளை வரவேற்கிறது. படகில் வந்துகொண்டிருக்கும் கணவரைப் பார்த்து அவள் சொல்வதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: "போய்வருகிறேன், வாஸ்ட்னெஸ்காரரே. உங்களை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, என்னை நன்றாக வைத்திருந்தீர்கள். ஆனால் கடலில் இருக்கும் என் ஆள்மேல்தான் எனக்குக் காதல்." எழுதிய பிறகு 'போய்வருகிறேன்' என்பதை அடித்தேன். நாம் பழக்கத்தில் எழுதிவிடுகிற சொல் அது. அவள் வரப்போவதில்லை. 'போகிறேன்' என்றுதான் எழுத வேண்டும்.

பிடித்திருந்தது, ஆனால் காதல் இல்லை. தோலை ஒளித்தால் முதலாவது கிடைக்கலாம், இரண்டாவது கிடைக்காது என்று அந்தத் தீவுக் கிழவிகளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அதனால்தான், நீங்கள் வாசிக்கும் அமானுஷ்யக் காதல் கதைகளின் அச்சை அப்படியே எடுத்து இதில் பொருத்த முடியாது. ரத்தக்காட்டேரியோ ஓநாய் மனிதனோ வரும் கதையில் அமானுஷ்யப் பிறவியிடம்தான் பலம் இருக்கும். பலமுள்ளவன் தன்னை அடக்கிக்கொண்டு மனிதப் பெண்ணிடம் மென்மையாக இருப்பதுதான் அங்கே கிளர்ச்சி. செல்கி கரையில் பலமற்றவள். சாவி மனிதன் கையில் இருக்கிறது. அப்படியானால் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டியவன் உங்கள் மீனவன்தான். அடக்கும் இடத்தில் நீங்கள் அவனைத் திருட வைத்துவிட்டீர்கள். தொடர் ஓடாமல் நின்றதற்குக் காரணம் பின்னூட்டம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆண் செல்கி வரும் கதைகளில் தோல் திருட்டே கிடையாது, கவனித்தீர்களா? ஓர்க்னியில், மணவாழ்க்கை கசந்த பெண் கடல் ஏறியிருக்கும் நேரம் போய் ஏழு சொட்டுக் கண்ணீரைக் கடலில் விட்டால் ஆண் செல்கி வருவான் என்பார்கள். டென்னிசன் எழுதிவைத்த உர்சில்லா அப்படி அழைத்தவள்தான். அவளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தது. மருத்துவச்சி வெட்ட வெட்ட அது வளர்ந்ததாம். 1850களில் ஷெட்லாண்டில் ஒரு மூதாட்டியிடம் கேட்டுக் கடற்படை அதிகாரி ஒருவர் பதிவு செய்த சூல் ஸ்கெரி செல்கியின் பாட்டு இன்னும் துயரமானது. தந்தை யாரென்று தெரியாத குழந்தையைத் தாலாட்டுகிறாள் ஒருத்தி. அவன் வந்து நிற்கிறான். நிலத்தில் மனிதன், கடலில் செல்கி என்கிறான். வளர்த்த கூலியாகப் பொன்னைக் கொடுத்துவிட்டு மகனைக் கேட்கிறான். நீ ஒரு துப்பாக்கிக்காரனைக் கட்டிக்கொள்வாய், அவன் சுடும் முதல் குண்டில் நானும் மகனும் சாவோம் என்றும் சொல்கிறான். சூல் ஸ்கெரி கதைக்காகக் கற்பித்த இடம் இல்லை. ஓர்க்னிக்கு மேற்கே நடுக்கடலில் இருக்கும் சின்னப் பாறைத் தீவு. 1895 முதல் அங்கே கலங்கரை விளக்கம் எரிகிறது.

அடுத்து நீங்கள் கேட்ட முடிவு. அவள் போவதை மாற்ற வேண்டாம். எப்படிப் போகிறாள் என்று பாருங்கள். ஃபாரோ தீவுகளில் கல்சோய் என்ற தீவின் மிக்லதாலுர் ஊரில் இதே கதை உண்டு. அங்கே கணவன் பெட்டிச் சாவியை இடுப்புவாரில் வைத்திருக்கிறான். ஒருநாள் நடுக்கடலில் தடவிப் பார்க்கிறான், சாவி இல்லை. "இன்று நான் மனைவியை இழப்பேன்" என்று கத்திக்கொண்டு படகைத் திருப்புகிறான். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள். அடுப்பு அணைக்கப்பட்டிருக்கிறது. கத்திகளும் கூரான பொருள்களும் எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. தாய் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் சுட்டுக்கொள்ளவோ வெட்டிக்கொள்ளவோ கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த அணைந்த அடுப்பை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். 2014இல் அந்த ஊர்க் கடற்கரைப் பாறையில் அவளுக்குச் சிலை வைத்தார்கள். தோலைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள்.

ஐஸ்லாந்தில் யோன் ஆர்னசன் 1860களில் வெளியிட்ட கதைத் தொகுப்பில் வருகிறவள் கடலில் குதிக்கும் முன் தவிக்கிறாள். எனக்குக் கடலில் ஏழு பிள்ளைகள், கரையில் ஏழு பிள்ளைகள், நான் என்ன செய்வேன் என்கிறாள். அதன்பிறகு கணவன் மீன்பிடிக்கப் போகும்போதெல்லாம் ஒரு சீல் படகைச் சுற்றி வருகிறது, அதன் கண்களில் நீர் வழிகிறது. அவன் வலையில் எப்போதும் நல்ல மீன். பிள்ளைகள் கரையோரம் நடந்தால் அது பக்கத்தில் நீந்தி வந்து வண்ண மீன்களையும் அழகான சிப்பிகளையும் எறிந்துவிட்டுப் போகிறது. கரைக்கு மட்டும் ஏறுவதில்லை.

ஏன் ஏறுவதில்லை? ஏறினால் மறுபடியும் யாராவது தோலை எடுத்துவிடுவார்கள். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. உங்களுடைய மகிழ்ச்சியான முடிவுக்கான வழி அங்கே திறந்திருக்கிறது.

சாம்பல் சீல்கள் எப்படி வாழ்கின்றன என்று கொஞ்சம் படியுங்கள், உங்களுக்கு உதவும். அந்தத் தீவுகளில் இலையுதிர் காலத்தில்தான் அவை குட்டி போடக் கரையேறுகின்றன. குட்டி வெள்ளை ரோமத்தோடு பிறக்கும். தாய் இரை தேடப் போகாமல் கிட்டத்தட்ட மூன்று வாரம் பால் கொடுக்கும், பாலில் பாதிக்குமேல் கொழுப்பு. பிறகு குட்டியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குட்டி தனியே கிடந்து வெள்ளை ரோமத்தை உதிர்த்துவிட்டுத் தானாகவே நீரில் இறங்கும். வளர்ந்தவையும் வருடத்துக்கு ஒருமுறை ரோமம் உதிர்க்கக் கரைக்கு வரும். தோல் கழற்றுவதும், பிள்ளையைக் கரையில் விட்டுத் தாய் போவதும் அந்த மக்கள் வருடா வருடம் கண்ணால் பார்த்தவை. அப்புறம், அடுத்த பருவத்தில் அவை திரும்பி வருவதையும் பார்த்தார்கள். கதையில் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். நீங்கள் சேருங்கள்.

நம் கதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோல் இல்லை, ஆனால் பீலிவளை இருக்கிறாள். மணிமேகலையில் வரும் நாகநாட்டு இளவரசி. புகார்க் கடற்கரையின் புன்னைக் கானலில் சோழன் நெடுமுடிக்கிள்ளியைச் சந்திக்கிறாள், ஒரு மாதம் கூடி இருக்கிறாள், சொல்லாமல் போய்விடுகிறாள். அவன் தேடித் தவிக்கும்போது, மகன் வருவான், அவள் வரமாட்டாள் என்று ஒரு சாரண முனிவர் சொல்லிவிடுகிறார். அவள் மகனைக் கப்பலில் அனுப்புகிறாள், கப்பல் உடைகிறது. மகனைத் தேடும் துயரத்தில் அரசன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. இங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை, ஆனாலும் போகிறாள். அதனால் தோலைக் கொடுத்துவிட்டால் அவள் தங்கிவிடுவாள் என்று உங்கள் மீனவனுக்கு எந்த உறுதியும் கொடுக்காதீர்கள். உறுதி இல்லாமல் அவன் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உங்களுக்குப் பயன்படும். ஓர்க்னி ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கனடாவில் விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி வேலைக்குப் போனவர்கள். கம்பெனிக் கப்பல்கள் ஓர்க்னியின் ஸ்ட்ரோம்னஸ் துறைமுகத்தில் நின்று தண்ணீரும் ஆளும் ஏற்றிக்கொண்டு போகும். 18ஆம் நூற்றாண்டின் முடிவில் கம்பெனிக்காகக் கனடாவில் வேலை செய்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஓர்க்னிக்காரர்கள். பல வருட ஒப்பந்தம். கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள். செல்கி கதையில் மட்டும்தான் பெண் கடலுக்குப் போகிறாள், ஆண் கரையில் நிற்கிறான். காத்திருந்த பெண்கள் அடுப்படியில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லும்போது என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

உங்களால் அதை யோசிக்க முடியும். கணவரின் தோலை ஒளித்திருப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் பெட்டியை அடுக்கிக் கொடுத்து, எதை எங்கே வைத்தோம் என்று சொல்லி அனுப்பிவைப்பவர் நீங்கள்தானே. ஒளிக்கும் காட்சியை நீக்கிவிடுங்கள். மீனவன் தோலைக் கண்டெடுக்கட்டும், ஓர் இரவு கையில் வைத்துக்கொண்டு தடுமாறட்டும், மறுநாள் அவளிடம் கொடுக்கட்டும். அவள் போகட்டும். ஒரு பருவம் முழுக்க வாசகர்களைக் காக்க வையுங்கள், தொடர்கதைக்கு அது நல்லதுதான். பிறகு அவள் தானாக வரட்டும், தோலை அவன் வீட்டுக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தானே மாட்டட்டும்.

அடுத்த இலையுதிர் காலம் முடிந்ததும் அவள் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று "போய்வருகிறேன்" என்று சொல்வாள். நான் அடித்த சொல்லை நீங்கள் அங்கே எழுதலாம். அவள் போன பிறகு அந்த வீட்டில் அவன் படுக்கும் முதல் இரவை ஓர் அத்தியாயமாகவே எழுதுங்கள். அந்த இரவு எப்படி இருக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
அக்கா