பி.இ. முடித்து பிரான்ஸ் வந்த தம்பிக்கு

தம்பி, புதுச்சேரி சேதராப்பட்டு கம்பெனியில ரெண்டு வருஷம் மெயின்டெனன்ஸ் பார்த்துட்டு, கல்யாணமாகி பாரிஸ் பக்கம் வந்திருக்கீங்க. நம்ம மெக்கானிக்கல் பி.இ. இங்க செல்லுமா, திரும்ப மாஸ்டர்ஸ் படிக்கணுமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்பட்டு எங்கயும் பணம் கட்டிடாதீங்க.

முதல்ல எனிக்-நாரிக்ல (வெளிநாட்டுப் பட்டங்களை ஒப்பிட்டுச் சொல்ற பிரெஞ்சு அமைப்பு) விண்ணப்பிச்சு, பட்டத்துக்கு ஒப்பீட்டுக் கடிதம் வாங்குங்க. உங்க படிப்பு இங்கத்த எந்த நிலைக்கு ஒப்பாகும்னு அது சொல்லும். லிசான்ஸ்னா (இங்கத்த மூணு வருஷ இளநிலைப் பட்டம்) நிலை 6, மாஸ்டர்னா நிலை 7. இந்த ஊர் இன்ஜினியர் பட்டம் பள்ளிக்கூடம் முடிச்சு அஞ்சு வருஷப் படிப்பு, அதனால நம்ம நாலு வருஷ பி.இ.யை அதே தட்டுல வைக்க மாட்டாங்க. அதுக்காக மனசு விட வேண்டாம்.

மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன் விளம்பரம் ஒண்ணை எடுத்து நிதானமா படிச்சுப் பாருங்க. படிப்புக்கு ஒரு வரிதான் இருக்கும். மீதியெல்லாம் ஹைட்ராலிக், நியூமேட்டிக், பிஎல்சி (மெஷினை இயக்குற கன்ட்ரோலர்), கூடவே 'அபிலித்தாசியோன் எலெக்த்ரிக்', அதாவது மின்வேலை பார்க்க எழுத்துல தர்ற அனுமதி. மின்பலகையில கை வைக்கணும்னா அது கட்டாயம். பயிற்சி முடிஞ்சதும் முதலாளிதான் எழுதித் தருவாரு. உங்க சிவியில 'மெயின்டெனன்ஸ் இன்ஜினியர், 2 வருஷம்'னு மட்டும் இருந்தா யாருக்கும் எதுவும் புரியாது. கன்வேயர் நின்னப்ப சென்சார் போச்சா, டிரைவ் டிரிப் ஆச்சான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அதை எழுதுங்க. இங்க உங்களுக்கு வேலை வாங்கித் தரப்போறது அதுதான்.

படிச்சே ஆகணும்னா அல்தெர்னான்ஸ் பாருங்க. கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் கம்பெனி, சம்பளமும் உண்டு, கட்டணம் உங்க தலையில விழாது. அப்ரான்தி (தொழில் பழகுநர்) ஒப்பந்தம்னா பொதுவா 30 வயசுக்குள்ள கையெழுத்தாகணும். எந்தப் படிப்பா இருந்தாலும் ஆர்என்சிபிங்கிற பிரான்ஸ் நாட்டு தொழில் தகுதிப் பதிவேட்டுல இருக்கான்னு பார்த்துடுங்க. என்னென்ன திறன், எந்தெந்த வேலைன்னு அதுல விவரமா போட்டிருக்கும். மாஸ்டர்னு பேரை மட்டும் வெச்சுக்கிட்டு காசு பறிக்கிற தனியார் பள்ளிகள் இங்கயும் இருக்கு, ஏமாந்துடாதீங்க. அனுபவத்தையே பட்டமா மாத்துற வி.ஏ.இ. வழி 2002ல இருந்து இருக்கு. ஆனா நீங்க செஞ்ச வேலையை பிரெஞ்சுல விரிவா எழுதி, ஜூரி முன்னாடி பேசணும்.

அதனாலதான் சொல்றேன், பாரிஸ்ல தமிழ்க் கடைகள் நிறைஞ்ச லா ஷாப்பேல் பக்கம் ஒரு கடையில தமிழ்லயே பேசி வருஷக்கணக்கா நின்னுடாதீங்க. கைச்செலவுக்கு சில மாசம் போதும். சாயங்காலம் பிரெஞ்சு வகுப்பை விடவே விடாதீங்க.

பழைய கம்பெனியில தெரிஞ்சவங்க இருக்கும்போதே அனுபவக் கடிதம் கேட்டுடுங்க. சேர்ந்த தேதி, விட்ட தேதியோட நிறுத்தாம, எந்த மெஷின்ல என்ன வேலை பார்த்தீங்கன்னு லெட்டர்ஹெட்ல வரணும்.