கொடுத்த காசு பொருளுக்குப் போகிறதா, பொட்டலத்துக்குப் போகிறதா?

கேள்வி: திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 62,000 ரூபாய். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரையும் பிரஷரும் உள்ள மாமியார் என ஐந்து பேர். புதிதாக எதுவும் வாங்குவதில்லை. ஆனால் எதை வாங்கினாலும் கொடுத்த காசுக்குப் பொருள் இல்லை என்றே தோன்றுகிறது. மாவு பாக்கெட், தண்ணீர் கேன், ரீசார்ஜ், வார இறுதி பார்சல் என்று பணம் கரைகிறது. ஜூன் மாதம் பள்ளிச் செலவுக்காக கிரெடிட் கார்டில் போட்ட 18,000 ரூபாய் அப்படியே நிற்கிறது; அதற்கு மாதம் 1,000 ரூபாய் கட்டுகிறோம். மாதம் 12,000 ரூபாய் மளிகையும் அதே கார்டில்தான். அதை மட்டும் முழுதாகக் கட்டிவிடுகிறோம். எதையெல்லாம் நிறுத்தலாம்? ஆர்.ஓ. மெஷின் வாங்கினால் கேன் செலவு மிச்சமாகுமா?

பதில்: நீங்கள் எழுதியதில் நிறுத்த வேண்டிய பொருள் என்று அநேகமாக எதுவுமே இல்லை. மாவும் தண்ணீரும் மாத்திரையும் வேண்டும்தான். வாரம் இரண்டு நாள் பிள்ளைகள் பிரியாணி சாப்பிடுவதும் குற்றமில்லை. நீங்கள் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு அந்தப் பொருளுக்குப் போகிறது, எவ்வளவு வட்டிக்கும் கட்டணத்துக்கும் பொட்டலத்துக்கும் போகிறது என்று பிரித்துப் பார்த்தால் போதும். பூக்காரம்மாவிடம் 30 ரூபாய் கொடுத்தால் 30 ரூபாய்க்கும் பூ கைக்கு வருகிறது. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

முதலில் கார்டு. உங்கள் மளிகையை விலையேற்றிக்கொண்டிருப்பது கடைக்காரரைவிட இதுதான். கார்டில் பாக்கி வைத்தால் பெரும்பாலான வங்கிகள் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகின்றன. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 18,000 ரூபாய்க்கு வட்டி 630, ஜி.எஸ்.டி. 113, ஆக 743 ரூபாய். இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாமல் போவது அடுத்தது. பழைய பாக்கி ஒரு ரூபாய் நின்றாலும் புதிதாக வாங்குவதற்குக் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் போய்விடும். அதாவது, நீங்கள் முழுதாகக் கட்டிவிடுவதாக நினைக்கும் மளிகைக்கும், கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. 12,000 ரூபாய் சராசரியாக ஒரு மாதம் நின்றால் வட்டி 420, வரியோடு ஏறக்குறைய 495 ரூபாய். இரண்டையும் கூட்டினால் மாதம் 1,240 ரூபாயை நெருங்குகிறது. நீங்கள் கட்டுவதோ 1,000. பாக்கி அசையாமல் நிற்பதற்கு, உள்ளபடி சொன்னால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதற்கு, இதுதான் காரணம்.

ஆகவே இன்றிலிருந்து மளிகையைக் கார்டில் வாங்காதீர்கள். சம்பளம் வந்த அன்றே 12,000 ரூபாயைத் தனி சேமிப்புக் கணக்குக்கு மாற்றி, கடையில் அந்தக் கணக்கிலிருந்து மட்டும் யு.பி.ஐ.யில் கொடுங்கள். முதல் மாதம் கை கடிக்கும். ஏனென்றால் போன மாத மளிகையையும் கார்டுக்குக் கட்ட வேண்டும், இந்த மாத மளிகையையும் ரொக்கமாக வாங்க வேண்டும். அதைச் சமாளிக்க அந்த ஒரு மாதம் ரேஷனைக் கூடுதலாக நம்புங்கள். அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்ற விலை வெளியில் எங்கும் கிடைக்காது.

புதிதாக எதுவும் வாங்காமல் மாதம் 1,000 ரூபாய் மட்டும் கட்டினால் இந்த 18,000 அடைய 34 மாதம் ஆகும். மாதம் 4,000 கட்டினால் ஐந்தாம் மாதம் சுமார் 315 ரூபாய்தான் மிஞ்சும். ஆறாம் மாதம் அதுவும் முடிந்துவிடும். வீட்டில் சும்மா இருக்கும் ஒரு மோதிரத்தை வங்கியில் அடகு வைத்துக் கார்டை ஒரேயடியாக முடிக்கலாமா என்றால், ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தில் கிடைத்தால் கணக்கு சரியாக வரும். மாதம் 743 இருந்த இடத்தில் 150 ரூபாய்க்குள் வட்டி நிற்கும். ஆனால் கார்டைப் பூட்டி வைக்க முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் நகைக்கும் வட்டி, கார்டுக்கும் வட்டி என்று இரண்டாகிவிடும்.

அந்த 4,000 எங்கிருந்து வரும் என்று பார்ப்போம்.

வார இறுதி பார்சல்தான் பெரியது. செயலியில் வரும் பில்லை ஒருமுறை வரி வரியாகப் படியுங்கள். கடையில் 480 ரூபாய்க்கு விற்கும் பிரியாணியும் பரோட்டாவும் செயலியில் 560 என்று இருக்கும். பேக்கிங் 30, பிளாட்ஃபார்ம் கட்டணம் 15, டெலிவரி 40. சாப்பாட்டுக்கும் பேக்கிங்குக்கும் 5 சதவீதம், மற்ற கட்டணங்களுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என எல்லாம் சேர்ந்து 684 ரூபாய் வருகிறது. அதே சாப்பாட்டைக் கடையில் போய் வாங்கினால் வரியோடு 504. வித்தியாசம் 180. மாதம் எட்டு முறை என்றால் 1,440 ரூபாய். இந்தப் பிளாட்ஃபார்ம் கட்டணம் 2023-ல் 2 ரூபாயாகத் தொடங்கி, இப்போது பத்தைத் தாண்டி நிற்கிறது. எவர்சில்வர் தூக்கோடு வண்டியில் போய் வாங்கி வாருங்கள். பிரியாணி சூடாகவும் இருக்கும். மழை நாளில், உடம்பு முடியாத நாளில் செயலியில் போடலாம். அப்போது அந்த 180 ரூபாய்க்கு உண்மையிலேயே ஒரு வேலை நடக்கிறது.

இட்லி மாவு: வாரம் ஐந்து கிலோ, கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் அரைத்தால் 800 கிராம் இட்லி அரிசி 40 ரூபாய், 200 கிராம் உருட்டு உளுந்து 28 ரூபாய், வெந்தயமும் மின்சாரமும் 3 ரூபாய். 71 ரூபாய்க்கு இரண்டரை கிலோ மாவு, அதாவது கிலோ 28 ரூபாய். வாரம் இருமுறை அரைத்தால் மாதம் 690 ரூபாய் மிச்சம். பாக்கெட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் மாவு சரியாக வராததால்தான் போகிறார்கள். உளுந்து பழசாக இருந்தால் பொங்காது. உளுந்தை அரைக் கிலோவாக வாங்கித் தீர்த்துவிட்டு அடுத்தது வாங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறினாலும் மாவு பொங்கி வரும் அளவு குறையும். வெயில் காலத்தில் கிரைண்டர் சூடேறி மாவும் சூடாகிவிடும். உளுந்துக்கு ஃபிரிட்ஜ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைத்தால் மாவு பஞ்சாக வரும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஊறப்போடுவது, அரைப்பது, கிரைண்டர் கழுவுவது மூன்றும் வேலைக்குப் போய்வரும் உங்கள் ஒருவர் தலையிலேயே விழும் என்றால் இந்த 690-ஐ விட்டுவிடுங்கள். வீட்டில் வேலையைப் பிரித்துக்கொண்டால்தான் அது மிச்சம்.

ஆர்.ஓ. மெஷினை இப்போது வாங்க வேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 200 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கும், குழாய்த் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். உங்கள் வீட்டுக்கு மாநகராட்சியின் காவிரித் தண்ணீர் வருகிறது என்றால் அதற்குக் கீழேதான் காட்ட வேண்டும். உப்பு குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை, அது பாதித் தண்ணீருக்கு மேல் கழிவாகத் தள்ளும், வருடா வருடம் ஃபில்டர், மெம்பிரேன் என்று சில ஆயிரம் கேட்கும். குடிக்க மட்டும் தினம் எட்டு லிட்டரைக் கொதிக்கவைத்து ஆற்றினால் மாதம் சுமார் 3 கிலோ கேஸ் செலவாகும்; சிலிண்டர் விலையைப் பொறுத்து சுமார் 200 ரூபாய். சமைக்கும் தண்ணீர் எப்படியும் கொதிக்கத்தான் போகிறது, அதற்குக் கேன் ஊற்ற வேண்டாம். மாதம் இருபது கேன், ஒன்று 35 ரூபாய் வீதம் 700 ரூபாய் போகிற இடத்தில் 500 மிஞ்சும். மீட்டர் 500-க்கு மேல் காட்டினாலோ, போர் தண்ணீராக இருந்தாலோ கேனையே தொடருங்கள். டி.டி.எஸ். மீட்டர் உப்பைத்தான் அளக்கும், கிருமியைக் காட்டாது. குறைவாகக் காட்டுகிறதே என்று கொதிக்கவைக்காமல் குடித்துவிடாதீர்கள்.

மாமியார் மருந்துக்கு எவ்வளவு ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பிராண்ட் மாத்திரைகளாக இருந்தால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதம் 1,800 ரூபாய் ஆவது சாதாரணம். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ அதே மூலப்பொருளில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைப்பவை நிறைய. போகும்போது மாத்திரை அட்டையையும் சீட்டையும் எடுத்துப் போங்கள். பிராண்ட் பெயரை விட்டுவிட்டு மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள்: மருந்தின் பெயர், மில்லிகிராம், பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். போன்ற எழுத்து. அந்த எழுத்து மாறினால் மருந்து உடம்பில் வேலை செய்யும் நேரமே மாறிவிடும். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து கலந்திருந்தால் மருத்துவரைக் கேட்டுப் பிரித்து எழுதி வாங்குங்கள். தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை ஆகியவற்றை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றவே கூடாது. இன்னொரு வழி, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். அதில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகத் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். இலவச மாத்திரை என்று மாமியார் தயங்கினால், மருத்துவரையே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

ரீசார்ஜில் 28 நாள் பிளான் என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று முறை. 349 ரூபாய் பிளானை மாதம் 349 என்று நினைக்கிறோம், அது 378. மாமியார் போன் அழைப்புக்கும் ஓ.டி.பி.க்கும் மட்டும்தான் என்றால் டேட்டாவே வேண்டாம். பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டுமுள்ள பிளான்களை நிறுவனங்கள் வைத்தாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. செயலியின் முதல் பக்கத்தில் அவை தெரியாது, கீழே வரை தேட வேண்டும். மாதம் 200 ரூபாய் சுலபமாகக் குறையும்.

மளிகையில் ஒரே ஒரு பழக்கம் போதும்: விலைக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கிராம் விலையைப் பாருங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம். பக்கத்திலேயே அதே உயரத்தில், அதே அகலத்தில் 800 கிராம் பாக்கெட் நிற்கும். முதலாவது 155, இரண்டாவது 145 என்றால் கை இரண்டாவதற்குத்தான் போகும். வகுத்துப் பார்த்தால் இரண்டாவதில் 910 கிராமுக்கு 165 ரூபாய் ஆகிறது. காபித்தூளிலும் இப்படித்தான், சிக்கரி எத்தனை சதவீதம் என்பது அட்டையில் கட்டாயம் இருக்கும், 49 வரை இருக்கலாம். டிகாக்ஷன் கறுப்பாக இறங்குவதைப் பார்த்து ஏமாறாதீர்கள், நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தருவது சிக்கரிதான். அது காபியைவிடப் பல மடங்கு மலிவு. பாதி சிக்கரி உள்ள பாக்கெட்டும் 80-க்கு 20 பாக்கெட்டும் ஒரே விலை என்றால் எதை எடுப்பது என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரிய பாக்கெட் எப்போதும் லாபம் என்பதும் தவறு. ஷாம்பூவில் பல பிராண்டுகளில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேதான் பாட்டிலைவிட மில்லிக்கு மலிவு. பிஸ்கட்டுக்கும் ஷாம்பூவுக்கும் பற்பசைக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஐந்து ரூபாய் பாக்கெட்டில் அது விலையில் தெரியாது. எடை கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

பார்சல் 1,440, மாவு 690, தண்ணீர் 500, மருந்து 900, போன் 200. மளிகையைச் சேர்க்காமலே 3,730 ரூபாய். எல்லாம் நடக்காது என்று தெரியும். 3,000 கைக்கு வந்தாலே, இப்போது கட்டும் 1,000-த்தோடு சேர்த்து அந்த 4,000 ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் மிஞ்சுகிற அன்றே கார்டுக்குக் கட்டிவிடுங்கள். கார்டு பில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிரியாணி வாங்கி வந்த இரவே 180 ரூபாயைச் செயலியில் கார்டுக்குச் செலுத்தலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். கணக்கில் கிடந்தால் அது வேறு எதற்காவது போய்விடும்.

கார்டு அடைந்த பிறகு அதே 4,000-த்தை நிறுத்தாதீர்கள். வரும் ஜூன் பள்ளிச் செலவுக்கு முன் எத்தனை மாதம் கிடைக்கிறதோ அத்தனை மாதமும் அந்தத் தனிக் கணக்கில் சேருங்கள். போதாமல் நிற்கும் தொகைக்குப் பள்ளியில் இரண்டு தவணை கேளுங்கள்; பெரும்பாலும் கொடுப்பார்கள். அதற்கடுத்த ஆண்டுக்காக மே மாதமே வங்கியில் மாதம் 1,600 ரூபாய்க்கு 12 மாத ஆர்.டி. தொடங்குங்கள்; அடுத்த மே மாதம் 19,200 ரூபாயும் வட்டியும் கைக்கு வரும். மீதி 2,400 ரூபாயை அஞ்சலக ஐந்தாண்டு ஆர்.டி.யில் போடலாம். 6.7 சதவீத வட்டியில் 1,44,000 ரூபாய் போட்டு சுமார் 1,71,000 எடுக்கலாம். 12 தவணை கட்டியபின் அதில் பாதிவரை கடனும் கிடைக்கும். அவசரத்துக்கு மறுபடி கார்டைத் தேய்க்க வேண்டியிராது.