2 மீட்டர் ரிப்பீட்டருக்குப் பெரிய கேவிட்டி ஃபில்டர் அவசியமா, சின்ன டூப்ளெக்ஸர் போதாதா?

போதாது. ரிப்பீட்டர் என்பது ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே நேரத்தில் இன்னொன்றில் திருப்பி அனுப்பும் ரேடியோ நிலையம். ஒரே ஆண்டெனாவில் இந்த இரண்டையும் பிரித்து வைப்பது டூப்ளெக்ஸர். கேவிட்டி என்பது வேண்டாத அலைவரிசையை வெட்டும் உலோக உருளை. 2 மீட்டரில், அதாவது அமெச்சூர் ரேடியோவின் 145 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், சின்ன டூப்ளெக்ஸர் பெட்டியை நம்ப வேண்டாம். பெங்களூரில் எங்கள் நண்பர் வட்டம் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது.

அல்சூரில் ஒரு மொட்டை மாடியில் ரிப்பீட்டர் வைத்தோம். 145.600 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும், 145.000-இல் கேட்கும். இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். ஒயிட்ஃபீல்டிலிருந்து ஓர் அண்ணன் கையடக்க செட்டில் கூப்பிடுவார். "வணக்" என்பதுவரை வரும். அதற்குள் டிரான்ஸ்மிட்டர் எழும்பும், குரல் இரைச்சலில் மூழ்கிவிடும். டிரான்ஸ்மிட்டர் அணைந்ததும் "கேக்குதா" என்று இன்னொரு துண்டு. ஆண்டெனாவைச் சந்தேகப்பட்டோம், கேபிளை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டிரான்ஸ்மிட்டரை மட்டும் ஆண்டெனாவுக்குப் பதில் டம்மி லோடில் (சக்தியை வெளியே பரப்பாமல் வெப்பமாக்கிவிடும் சுமை) மாட்டிப் பார்த்தோம். அதே குரல் முழுசாக வந்தது. எங்கள் ரிப்பீட்டரே தன் காதை அடைத்துக்கொண்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். 25 வாட் என்றால் 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு). ரிசீவர் பிடிக்க வேண்டிய சிக்னலோ மைனஸ் 120 பக்கத்தில். இரண்டும் ஒரே ஆண்டெனாவில், ஒரே நேரத்தில். ரிசீவர் பக்கக் கேவிட்டிகள் 145.600-ஐ வெட்டுகின்றன, சரி. பலர் கவனிக்காதது மறுபக்கம். டிரான்ஸ்மிட்டரின் இரைச்சல் 145.000 வரை படர்ந்திருக்கும். அது ரிசீவர் கேட்கும் அலைவரிசையிலேயே விழுவதால், ரிசீவர் பக்கம் எதை வைத்தாலும் தடுக்க முடியாது. அனுப்பும் பக்கத்திலேயே வெட்டியாக வேண்டும். அதனால்தான் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கேவிட்டிகள். இந்த அலைவரிசையில் கால் அலைநீளம் அரை மீட்டர் வருகிறது, கேவிட்டிகளின் உயரத்துக்குக் காரணம் அதுதான். சின்னப் பெட்டிகள் பல மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்காகச் செய்யப்பட்டவை. 600 கிலோஹெர்ட்ஸில் அவற்றால் கூர்மையாக வெட்ட முடியாது.

அப்புறம், பழைய வணிக ரிப்பீட்டரில் கழற்றிய ஆறு கேவிட்டிகள் கிடைத்தன. ஒவ்வொன்றாகத்தான் டியூன் செய்தோம். ஒரு பக்கத்தின் மூன்றையும் சேர்த்தால், வெட்டப்படும் அலைவரிசையில் திரையில் தெரியும் பள்ளம், நேனோவிஎன்ஏ என்ற சின்ன அளவுக் கருவி அளக்கக்கூடியதற்கும் கீழே இறங்கிவிடுகிறது. கேவிட்டியின் டியூனிங் தண்டை மயிரிழை திருப்பினாலே திரையில் பள்ளம் நகரும். சரியான இடத்தில் நிறுத்தி லாக் நட்டை இறுக்கினால், அந்த இறுக்கத்திலேயே மறுபடி நகரும். எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, அந்த அளவு முன்னாலேயே நிறுத்தி இறுக்கப் பழகினோம். ஒரு ஞாயிறு முழுக்க அதற்கே போனது.

கேவிட்டிகளில் 1.5 டெசிபெல் இழப்பு இருக்கிறது. 25 வாட்டில் 18 வாட்தான் ஆண்டெனாவுக்குப் போகும். தயங்காமல் விட்டுக்கொடுங்கள். இப்போது ஒயிட்ஃபீல்டு அண்ணன் பால்கனியில் நின்று பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்கிறது.

கேவிட்டிகளை இணைக்கும் கேபிளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒற்றைப் பின்னல் ஆர்ஜி-58 கசியும். இரட்டை ஷீல்டு உள்ள ஆர்ஜி-400 அல்லது ஆர்ஜி-214 போடுங்கள்.