தூண் இல்லாத கூரை

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் வாசலுக்குப் புதிதாக முகப்புக் கூரை போடப் போகிறார்கள். உயரம் 5 மீட்டர், வெளியே நீள்வது 2.5 மீட்டர், தூணே கிடையாது, முழுக்கக் கண்ணாடி. குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். நான் இலக்கியம் நடத்துபவன். கூட்டத்தில் என்ன கேட்பது?

பதில்: முதலில் மழையைப் பற்றிக் கேளுங்கள். காற்றோடு வரும் சாரல் 45 டிகிரி சாய்ந்தால், 5 மீட்டர் உயரத்துக் கூரை விளிம்பைத் தாண்டி வரும் நீர் தரையைத் தொடுவதற்குள் 5 மீட்டர் உள்ளே வந்துவிடும். உங்கள் கூரை நீள்வது அதில் பாதிதான். ஆக, சாரல் சுவரிலேயே 2.5 மீட்டர் உயரம்வரை அடிக்கும். கதவை ஒட்டி நின்றாலும் தலை நனையும். வகுப்பு முடிந்து ஒரே நேரத்தில் வெளியே வந்து, மழை விடட்டும் என்று நிற்கிற மாணவர்களுக்கு அந்தக் கம்பீரத்தால் என்ன லாபம்? உயரத்தை 3 மீட்டராக்கி, நீளத்தையும் 3 மீட்டருக்கு மேல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

சரி, நீளம் கூடினால் தூண் இல்லாமல் முடியுமா? சுவரில் மட்டும் பிடித்து நிற்கும் கூரை இரண்டு மடங்கு நீண்டால், அது சுவரை வளைத்து இழுக்கும் விசை நான்கு மடங்காகும். லேசான கூரையைக் காற்று மேலே தூக்கவும் பார்க்கும். பழைய செங்கல் சுவரில் போல்ட் அடித்து இத்தனையையும் அதன் தலையில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனி அஸ்திவாரத்தில் தூண் நிறுத்துங்கள். சக்கர நாற்காலி போகும் வழியில் மட்டும் வேண்டாம். தூண் வந்தால் அழகு போய்விடும் என்பார்கள். சொல்லட்டும்.

கண்ணாடி லேமினேட்டட்தானா, அதாவது இரண்டு தகடுகளை நடுவில் படலம் வைத்து ஒட்டியதுதானா என்று கேளுங்கள். வெறும் டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடாக்கிக் குளிரவைத்து உறுதியாக்கியது, உடைந்தால் பொடித் துண்டுகளாகத் தலையில் கொட்டும். லேமினேட்டட் என்றால் நடுவிலுள்ள படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வடிகால். சருகு அடைத்து 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 100 கிலோ எடை. குழாய் ஒன்று அடைத்தாலும் நீர் வழிந்தோட இன்னொரு வழி வரைபடத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: கூரை விளிம்பில் துறையின் பெயரைப் பிறகு பொருத்திக்கொள்ளலாமா?

பதில்: இப்போதே முடிவு செய்யுங்கள். பிறகு போடும் ஓட்டை வழியாகத்தான் ஒழுகும்.