கையெழுத்து நிற்கும்போதே: டிமென்ஷியா செலவு பற்றி வாசகர்கள் கேட்டவை

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டிமென்ஷியா, அதாவது மறதி நோய் பற்றியவை. அல்சைமரும் அதில் ஒரு வகை. மாத்திரை விலையை யாருமே கேட்கவில்லை. ஆள் சம்பளம், வேலையை விடுவது, பேங்க் கையெழுத்து, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள். மாதம் எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்?
– திருச்சி வாசகர்

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். பி12, தைராய்டு இரண்டும் பார்த்தாயிற்றா? அவற்றின் குறைபாட்டாலும் மறதி வரும். அதைச் சரி செய்ய வழி உண்டு. டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

டோனெபெசில், மெமாண்டின் போன்ற மாத்திரைகளின் செலவு பட்ஜெட்டை உடைக்காது. உடைப்பது ஆள் சம்பளம். உங்கள் ஊரில் 12 மணி நேரத்துக்கு ஓர் ஆளுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 24,000. அப்பா ராத்திரி எழுந்து கதவைத் திறக்க ஆரம்பித்தால் இரவுக்கும் ஆள் வேண்டும், 48,000. இப்போது வரவைப் பாருங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்ச வரம்பான 30 லட்சத்தையும் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500. மாதக் கணக்கில் 20,500. பகல் ஆளுக்கே 3,500 இடிக்கிறது. டயபர் நாளைக்கு மூன்று என்றால் மாதம் தொண்ணூறு, அது தனி.

இது ஒரு வருஷச் செலவும் இல்லை. கண்டறிந்த பிறகு நான்கைந்து வருஷமும் ஆகலாம், பத்தைத் தாண்டியும் போகலாம். அதனால் இன்றைய செலவைப் பார்த்து எஃப்.டி.யை உடைக்காதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் செலவு குறைவாகத்தான் இருக்கும். அந்தக் காலம்தான் சேர்ப்பதற்கான காலம்.

நாங்கள் ஆள் வைக்கவில்லை. மருமகள் வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்கிறாள். அதனால் செலவு பெரிதாக இல்லை.
– மதுரை வாசகர்

இதில் கேள்வியே இல்லை, ஆனாலும் பதில் சொல்லாமல் விட மனசில்லை. உங்கள் வீட்டின் மிகப் பெரிய செலவை நீங்கள் கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான். 2019இல் உலகம் முழுவதும் டிமென்ஷியாவுக்கு ஆன செலவு 1.3 டிரில்லியன் டாலர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஏறத்தாழ பாதி, வீட்டாரின் சம்பளமில்லாத உழைப்பு. சராசரியாக ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம். அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது.

மருமகளின் சம்பளம், பி.எஃப்., வேலையில் ஐந்து வருஷம் முடிந்திருந்தால் கிடைத்திருக்கும் கிராஜுவிட்டி, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு அண்ணன் தம்பிகள், நாத்தனார் எல்லோரும் உட்கார்ந்து அந்த நோட்டைப் பார்க்கட்டும். வெளியூரில் இருப்பவர் பணமாகத் தரலாம். அதில் ஒரு பங்கு அவள் பெயரில் சேமிப்பாகப் போகட்டும். வருஷத்துக்கு இரண்டு வாரம் வேறொருவர் வந்து பொறுப்பெடுக்கட்டும். "நம்ம அம்மாதானே, கணக்கு பார்ப்பதா?" என்று கேட்பவர் பெரும்பாலும் சென்னையிலோ துபாயிலோ இருப்பவராகத்தான் இருப்பார்.

அம்மாவிடம் பவர் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறேன். இனி பேங்க், வீடு எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்ளலாம்தானே?
– கோவை வாசகி

இல்லைம்மா. இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201: அதிகாரம் கொடுத்தவர் மனநிலை தவறினால் பவர் முடிந்துவிடும். எந்த நாளுக்காக நீங்கள் அதை எழுதி வாங்கினீர்களோ, அந்த நாளில் அது செல்லாது. 2017 மனநலச் சட்டத்தில் பிரதிநிதியை நியமிக்கலாம். ஆனால் அது சிகிச்சை முடிவுகளுக்கு, சொத்துக்கு இல்லை.

என் அம்மா விஷயத்தில் எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது. அவர் கையெழுத்தில் முதலில் கடைசி எழுத்து கீழே இறங்கியது. பிறகு இனிஷியல் காணாமல் போனது. மூன்றாவது செக்கும் திரும்பி வந்தபோது கவுன்டரில் இருந்த பெண், "கைரேகை வைக்கலாமே சார்" என்றார். கை நடுங்குகிறவர்களுக்கு அது சரி. எதில் ரேகை வைக்கிறோம் என்பதே தெரியாதவருக்கு எப்படிச் சரியாகும்?

ஆகவே ஆரம்ப கட்டத்திலேயே செய்ய வேண்டியவை. கணக்குகளை, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். எஃப்.டி., லாக்கர், மியூச்சுவல் ஃபண்டு எல்லாவற்றிலும் நாமினி சரியா பாருங்கள். உயில் எழுத அம்மா விரும்பினால் எழுதட்டும். நோய் என்று பெயர் வைத்துவிட்டதாலேயே உயில் செல்லாமல் போகாது. எழுதும் நேரத்தில் தெளிவு இருந்தால் போதும். அன்றைய தேதியில் டாக்டர் சான்று ஒன்று வாங்கி, இரண்டு சாட்சிகளோடு முடியுங்கள்.

தெளிவு போய்விட்டால் மிச்சம் இருப்பது ஹைகோர்ட்தான். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, கணவரின் சொத்தைக் கையாள அனுமதித்தது. வழி இருக்கிறது. வக்கீல் செலவும் மாதக்கணக்கில் காத்திருப்பும் அதோடு சேர்ந்தே வரும்.

ஹெல்த் இன்ஷூரன்ஸில் கிடைக்குமா?
– வேலூர் வாசகர்

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கிடைக்கும், பாலிசியின் காத்திருப்புக் காலம் முடிந்திருந்தால். 70 வயது நிறைந்தவர்களுக்கான ஆயுஷ்மான் என்ற அரசுக் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அதுவும் உள்நோயாளிச் செலவுக்கு. வீட்டுக்கு வரும் ஆளின் சம்பளத்துக்கும் டயபருக்கும் சாதாரண பாலிசியில் எதுவும் வராது.

வரிச் சலுகை?
– சேலம் வாசகர்

பழைய வரி முறையில் இருந்தால் உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தில் 80டிடிபி பிரிவு. நரம்பியல் நிபுணரின் சான்று வேண்டும், பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நோயாளி மூத்த குடிமகன் என்றால் சிகிச்சைச் செலவில் 1 லட்சம் வரை வருமானத்தில் கழிக்கலாம். இன்ஷூரன்ஸ் கொடுத்த தொகையைக் கழித்த பிறகு. 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா பால்காரருக்கு ஒரே நாளில் மூன்று முறை பணம் கொடுக்கிறார். பர்ஸைப் பிடுங்கிவிடலாமா?
– தஞ்சாவூர் வாசகி

வேண்டாம். பெரிய பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுங்கள், கார்டை வாங்கி வையுங்கள், ஓ.டி.பி. வரும் ஃபோனை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பால்காரர், காய்கறிக்காரர், மருந்துக்கடை மூவரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பர்ஸில் மட்டும் சில்லறை இருக்கட்டும்.

என் அம்மாவின் சுருக்குப்பையில் கடைசி வரை பத்து ரூபாய்த் தாள்கள் இருந்தன. சாயங்காலம் பால்காரரிடம் போய் அவற்றைத் திரும்ப வாங்கி வந்து, அம்மா தூங்கியதும் எண்ணிப் பைக்குள் வைப்பது அப்பாவின் வேலை.