உன் பேரனிடம் கேட்டுச் சொல்

அண்ணா வணக்கம்,

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். வீட்டுக்காரர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் கிட்னி இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். நான் ஓர் ஆபீஸில் கிளீனிங் வேலை செய்கிறேன். மகனுக்கு இந்த வருடம் எஸ்.பி.எம். பரீட்சை. வீட்டு வாடகை இரண்டு மாசம் பாக்கி. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஜெபம் பண்ண உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. போன வாரம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். "பயம் தேவன் கொடுத்த ஆவி இல்லை சிஸ்டர், விசுவாசம் குறைவா இருக்கு, அதனாலதான் சுகம் தாமதமாகுது" என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். அதற்கப்புறம் அவர் கூட்டத்துக்கு வரவே இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். பயந்துகொண்டே ஆண்டவரை நம்ப முடியுமா?

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

முடியும். பயப்படாதவருக்கு நம்ப வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதை வைத்துத்தான் உங்களை அடித்திருக்கிறார்கள். நான் கத்தோலிக்கன், எங்கள் பைபிளில் வார்த்தைகள் கொஞ்சம் மாறும், அதனால் உங்கள் பைபிளையே திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 2 தீமோத்தேயு 1:7. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." இதை எழுதியவர் பவுல், சிறையில் இருந்துகொண்டு எழுதுகிறார். யாருக்கு? தீமோத்தேயுவுக்கு. அந்தத் தீமோத்தேயுவின் உடம்பு எப்படி இருந்தது என்று முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், 23ஆம் வசனத்தில் இருக்கிறது. அடிக்கடி சுகமில்லாமல் போகிற ஆள், வயிற்றுக் கோளாறு வேறு. அதற்குப் பவுல், 'தம்பி, உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் வயிறு சரியாகவில்லை' என்றா எழுதினார்? தண்ணீரை மட்டும் குடிக்காதே, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசமும் கூட்டிக்கொள் என்று, நம் வீட்டுப் பாட்டி கசாயம் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். உங்கள் கூட்டத்தில் பேசியவர் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்திருக்கிறார், யாருக்கு எழுதிய கடிதம் என்று பார்க்கவில்லை. கெட்டவராக இருக்க மாட்டார். அடுத்தவர் அழும்போது சும்மா உட்கார்ந்திருக்க நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது, எதையாவது சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

'திடமனதாயிரு' என்று சுவரில் மாட்டி வைக்கிறோமே, யோசுவா முதல் அதிகாரம், அதில் கடவுளே மூன்று தடவை அதைச் சொல்கிறார், கடைசியில் ஜனங்களும் ஒரு தடவை சொல்கிறார்கள். மோசே இறந்து அந்தப் பாரம் முழுக்கத் தலையில் விழுந்த மனிதனுக்கு ஒரே அதிகாரத்தில் நான்கு தடவை ஏன் சொல்ல வேண்டி வந்தது? உள்ளே நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்தது கோபம். இதற்கு என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாத்தாவைச் சப்பான்காரன் காலத்தில், 1943இல், ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் போடக் கொண்டுபோனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம். நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவில்லை, தாத்தாவும் திரும்பவில்லை. செத்தார் என்று எந்தத் தகவலும் இல்லை. பாட்டிக்கு அப்போது 22 வயது, இடுப்பில் என் அப்பா. அதற்கப்புறம் ஐம்பது வருடம் பால்மரம் வெட்டியும் புல் வெட்டியும் ஓட்டினாள்.

ஒவ்வொரு ஜூலையும் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு என்னைக் கூட்டிப் போவாள். 1888இல் கட்டிய அந்தப் பழைய கோவில் வாசலில், கூட்டத்தில், எட்டு வயதுப் பையனாக மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். மெழுகு உருகிக் கட்டைவிரலில் சொட்டும், உதறினால் திரி அணைந்துவிடும், பாட்டி முறைப்பாள், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அவள் செபமாலையெல்லாம் முடித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுரூபத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்பாள்: "ஏம்மா, ஒன் பேரன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லக்கூடாதா? ஆள் இருக்கானா இல்லியா, அத மட்டும் சொல்லச் சொல்லு. வேற ஒண்ணும் கேக்கலையே நான்." பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். (அன்னம்மாள் மாதாவின் அம்மா, இயேசுவுக்குப் பாட்டி. ஒரு பாட்டி இன்னொரு பாட்டியிடம் சண்டை பிடிக்கிறாள் என்று எனக்குப் புரியவே பல வருடம் ஆனது.)

பதில் வரவில்லை. 1994இல் பாட்டி இறந்தாள், அதற்கு முந்தின ஜூலையிலும் போய் அதே கேள்வியைத்தான் கேட்டாள். தாலியைக் கடைசி வரை கழற்றவில்லை. இதை விசுவாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நானும் சண்டைக்குத்தான் போவேன். ஆள் இல்லாத வீட்டு வாசலில் நின்று ஐம்பது வருடம் யாராவது கத்துவார்களா?

அதனால் ராத்திரி மூன்று மணிக்குக் கோபம் வந்தால் அதையே சொல்லுங்கள். வார்த்தை கிடைக்காவிட்டால் 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி இரண்டே வசனத்தில் நான்கு 'எதுவரைக்கும்' வருகிறது. 88ஆம் சங்கீதம் இன்னும் மோசம், ஆறுதலாக ஒரு வரி கூட இல்லாமல் முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் 'தெளிந்த புத்தி' என்று அந்த வசனத்திலேயே இருக்கிறதே, அதை யாரும் பிரசங்கம் பண்ணுவதில்லை. வீட்டுக்காரருக்கு லோரி கம்பெனியில் சம்பளத்திலிருந்து சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்திருந்தால் டயாலிசிஸ் செலவுக்கும், வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கான பென்ஷனுக்கும் வழி இருக்கிறது. இன்னும் மனுப் போடவில்லை என்றால் பழைய சம்பளச் சீட்டு, ஐ.சி. (அடையாள அட்டை), டாக்டர் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். சமூக நல இலாகாவிலும் கேளுங்கள். வாடகை விஷயத்தை வீட்டுச் சொந்தக்காரரிடம் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள், அவர் தேடி வருவதற்குள். கவுண்டரில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்காருவது விசுவாசக் குறைச்சல் ஆகிவிடாது. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்றான், சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டு மறுபடி படுத்துவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். நீங்கள் ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் எல்லோரைப் பற்றியும் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

வீட்டுக்காரரைக் கூட்டத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். அன்றைக்கு எல்லார் முன்னாலும் குற்றவாளி மாதிரி உட்கார வைத்துவிட்டார்கள் அவரை. உங்கள் பாஸ்டர் நல்லவர் என்றால் நடந்ததைச் சொல்லி, வசனம் எதுவும் வேண்டாம், ஒரு நாள் டயாலிசிஸ் சென்டரில் வந்து அவரோடு சும்மா உட்கார்ந்திருங்கள் என்று கேளுங்கள். நான்கு மணி நேரம், பேச ஆள் இல்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது பெரிய கொடுமை.

ஜூலைக் கடைசியில் திருவிழா வருகிறது. வெள்ளி டயாலிசிஸ் முடிந்து, அவருக்கு உடம்பு ஒத்துழைத்து, டாக்டரும் சரி என்றால் சனிக்கிழமை காலை இ.டி.எஸ். ஏறுங்கள், புக்கிட் மெர்தாஜாமிலேயே ரயில் நிற்கும், ஸ்டேஷனுக்கு நான் காரோடு வந்துவிடுகிறேன். ஞாயிறு திரும்பிவிடலாம், திங்கள்கிழமை தவறாது. நீங்கள் சபைக்காரர்கள், மெழுகுவர்த்தி கொளுத்த மனசு இல்லாவிட்டால் பரவாயில்லை, மலையடிவாரத்தில் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்குச் சாப்பாட்டில் என்னென்ன ஆகாது, தண்ணீர் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று மட்டும் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள், வீட்டில் சொல்லி வைக்க வேண்டும்.