கரண்ட் வைத்த பிறகு பல் வைத்தியம்: காசை எங்கே போடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது?

வாய், நாக்கு, தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு (பலர் 'கரண்ட்' என்பார்கள்) எடுத்தவர்கள், எடுக்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து வந்த கேள்விகள் இவை. நான் பல் மருத்துவர். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்டவர்கள்தான். வாயைப் பார்க்காமல் எந்தப் பல்லை எடுக்கலாம், எதை விடலாம் என்று சொல்ல மாட்டேன். செலவைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள்.

விழுப்புரம்: அப்பாவுக்குத் தாடையில் கரண்ட் வைக்கத் தேதி கொடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் நாலு கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு வரச் சொல்கிறார்கள். ஏற்கெனவே கடன். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா டாக்டர்?

தள்ளிப்போடாதீர்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும், அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இன்று இரண்டு வாரத்தில் ஆறுகிற பல் குழி, பிறகு மாதக்கணக்கில் ஆறாமல் எலும்பு வெளியே தெரிய நிற்கலாம். அந்தச் செலவோடு பார்த்தால் இப்போது பல் எடுக்கிற செலவு ஒன்றுமே இல்லை.

எடுத்த புண் ஆற, கரண்ட் தொடங்குவதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். அதனால் தேதி கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள். அதே மருத்துவமனையில் பல் பிரிவு இருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்களுக்குப் பக்கம் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல்லுக்காகப் புற்று சிகிச்சையை இழுத்தடிக்கவும் கூடாது. ஒன்று மட்டும்: சொத்தையோ ஆட்டமோ இல்லாத பல்லையும் சேர்த்து எடுக்கச் சொன்னால், ஏன் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

தாம்பரம்: அம்மாவுக்குக் கரண்ட் முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பல்லெல்லாம் ஈறு ஓரத்தில் கறுத்து, ஒவ்வொன்றாக ஒடிகிறது. ரூட் கெனால் செய்யக் காசில்லை. பக்கத்து கிளினிக்கில் எல்லாவற்றையும் பிடுங்கிப் பல்செட் கட்டிவிடலாம், அதுதான் மலிவு என்கிறார்கள். கரண்ட் வைத்ததை அங்கே சொல்லவில்லை. சொன்னால் தொடவே மாட்டார்களோ என்று பயம்.

முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். தெரிந்து அவர் பல்லைத் தொடவில்லை என்றால் நல்ல மருத்துவர் என்று அர்த்தம். சரியான இடத்துக்கு அனுப்புவார். தெரியாமல் பிடுங்கினால் அவஸ்தை அம்மாவுக்குத்தான்.

அடுத்து, சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் '66 கிரே, 33 முறை' என்று ஒரு வரி இருக்கும் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கிற அலகு), அது போதாது. தாடையின் எந்தப் பகுதியில் எவ்வளவு விழுந்தது என்று கேளுங்கள். பழைய பதிவுகளில் அது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கீழ்த்தாடைக் கடைவாயில் 60 கிரேக்கு மேல் விழுந்திருந்தால் அங்கே பிடுங்குவதைக் கூடியவரை தவிர்க்கப் பார்ப்போம். கதிரே படாத மேல் முன்பல்லைச் சாதாரணமாக எடுத்துவிடலாம். இந்த ஒரு தாள் இருந்தால் பாதிப் பற்களுக்குச் செலவில்லாத வழி கிடைக்கும். இது இல்லாவிட்டால் எந்த மருத்துவரும் பயந்து எல்லாவற்றுக்கும் பெரிய வைத்தியம்தான் சொல்வார்.

ஒடிந்த பல்லுக்கு இன்னொரு வழியும் உண்டு. வேரைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே நிற்கிற பல்லை ஈறு மட்டத்துக்கு ராவிவிட்டு, வேரை எலும்புக்குள்ளேயே விட்டுவிடுவோம். மேலே கேப் போட வேண்டியதில்லை, அதனால் செலவு வெகுவாகக் குறையும். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் எலும்பு பிழைக்கும்.

எங்கே போவது? சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். காலையிலேயே போய் சீட்டு போட வேண்டும், ஒரே நாளில் முடியாது, நாலைந்து நடை ஆகும். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் வெளிக் கிளினிக்கைவிடக் கட்டணம் மிகக் குறைவு. முதுநிலை மாணவர் பிரிவில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஈரோடு: வாய் காய்ந்துகொண்டே இருக்கிறது மேடம். இருமல் வராமல் இருக்கப் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்கிறேன். இயற்கையானதுதானே?

இயற்கையானதுதான், ஆனால் சர்க்கரை. எச்சில் இருக்கிற வாயில் அது கரைந்து கழுவிப் போய்விடும். உங்கள் வாயில் கழுவ ஆளில்லை. நாள் முழுக்கப் பல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். எலுமிச்சை மிட்டாய், இருமல் மிட்டாய் எல்லாம் இதே கணக்குதான், நெல்லிக்காயின் புளிப்பும் பல்லை அரிக்கும். எடை குறைகிறதே என்று சத்துமாவுக் கஞ்சியை மடக்கு மடக்காக நாள் பூராவும் குடிப்பவர்களும் உண்டு. குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே தடவையில் குடித்துவிட்டு வாயைக் கொப்பளியுங்கள்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா போட்டுக் கலக்கி, பாட்டிலில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தோன்றும்போதெல்லாம் கொப்பளித்துத் துப்புங்கள், தினமும் புதிதாகக் கலக்குங்கள். விளம்பரத்தில் வருகிற, சுரீரென்று எரிகிற மவுத்வாஷுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஆல்கஹால் கலந்தது வாயை இன்னும் காய வைக்கும். எச்சில் சுரக்க பைலோகார்பின் மாத்திரை உண்டு. ஆஸ்துமா இருந்தால் ஆகாது, சிலவகைக் கண் அழுத்த நோய்க்கும் ஆகாது. அதனால் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

திருநெல்வேலி: பல்லைக் காப்பாற்ற வெளிநாட்டு க்ரீம் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சின்ன ட்யூப், பெரிய விலை. கட்டாயம் வேண்டுமா?

நீங்கள் சொல்கிற விலையை வைத்துப் பார்த்தால் பால் புரதம் கலந்த க்ரீமாக இருக்கும். நல்லதுதான், ஆனால் கை இறுக்கமாக இருந்தால் நான் முதலில் வெட்டுகிற செலவு அதுதான். வெட்டக் கூடாதது ஃப்ளூரைடு. நம் கடைகளில் விற்கிற சாதாரண ஃப்ளூரைடு பேஸ்டில் சுமார் 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு)தான். மூலிகை பேஸ்ட் பலவற்றில் அதுவும் இல்லை, அட்டையைப் படித்துப் பாருங்கள். வறண்ட வாய்க்கு இது போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளுங்கள். அதில் 22,600 பிபிஎம் இருக்கிறது, பூச ஐந்து நிமிஷம் ஆகும். இரவில் பல் தேய்த்தபின் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் படுத்துவிடுங்கள். இதற்குக் காசே இல்லை.

அளவெடுத்து ட்ரே செய்து தினமும் ஜெல் வைக்கிற முறை இன்னும் நல்லது. ஜெல் கிடைத்தால் செய்யுங்கள். அமிலம் கலந்ததாக இல்லாமல் நடுநிலை ஜெல்லாகக் கேளுங்கள், புண் வாயில் அமிலம் எரியும்.

கோயம்புத்தூர்: மெடிக்ளெய்ம் இருக்கிறது. புற்று சிகிச்சைக்குக் கொடுத்தார்கள். பல் பில்லை 'டென்டல்' என்று ஒரே வார்த்தையில் நிராகரித்துவிட்டார்கள்.

பெரும்பாலான பாலிசிகளில் விபத்து இல்லாத பல் வைத்தியம் கிடையாது, அதைத்தான் காட்டியிருப்பார்கள். ஆனால் கரண்டுக்கு முன்னால் எடுத்த பல் புற்று சிகிச்சையின் ஒரு பகுதி. 'கதிர்வீச்சுக்கு முன் இது மருத்துவ ரீதியாக அவசியம்' என்று புற்றுநோய் மருத்துவர் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதித் தர வேண்டும். பல் மருத்துவர் எழுதுவது இங்கே செல்லுபடியாகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, மருத்துவமனையில் சேர்வதற்கு முன்னும் பின்னும் எத்தனை நாள் செலவு ஏற்பார்கள் என்று பாலிசியில் பாருங்கள், பில் தேதி அதற்குள் வருகிறதா என்று சரிபாருங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கரண்ட் முடிந்து ரொம்ப நாள் கழித்து வந்த சொத்தைக்கு இப்படி வாங்கித் தருவது கடினம், வீணாக நம்பிக்கை தர மாட்டேன்.

மதுரை: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பல்லுக்குச் செல்லுமா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்களுக்கு வருஷம் 5 லட்சம் வரை தருகிற திட்டம் அது. கதிர்வீச்சு, தாடை அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குக் கை கொடுக்கும். பல் அடைப்பது, வேர் சிகிச்சை, பல்செட் இதற்கெல்லாம் அதை நம்பி உட்கார வேண்டாம், அரசு மருத்துவமனைதான் வழி. வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் மருத்துவர் இருக்கிறார். வார்னிஷ் இருக்கிறதா என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

சென்னைக்கு ரயிலில் போகிறவரா? சிகிச்சைக்கும் தொடர் பரிசோதனைக்கும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, உடன் வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தருகிற சான்றிதழ் படிவம் வேண்டும். பல் நாளையும் பரிசோதனை நாளையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் ஒரே பயணத்தில் முடியும்.

யாழ்ப்பாணம்: டொக்டர், அப்பாவுக்குத் தெல்லிப்பழையிலை கதிர்ச் சிகிச்சை முடிஞ்சுது. இப்ப பல்லுக்கொதி. பிரைவேட்டுக்குப் போக வசதியில்லை.

பல்வலிக்கு அங்கே அரசாங்கப் பல் சிகிச்சை இலவசம்தானே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டுபோய் கதிர் எடுத்ததை முதலிலேயே சொல்லுங்கள். பெரிய வேலை என்றால் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்புக்கோ கடிதம் கேட்டு வாங்குங்கள்.

சேலம்: வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. இதற்கு மெஷின் வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்க வேண்டாம். ஐஸ் குச்சி கட்டு ஒன்று வாங்குங்கள். தட்டையான மரக் குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கடைவாய்ப் பக்கம் பல்லுக்கு நடுவே எத்தனை நுழைகிறது என்று பாருங்கள். அந்த அளவில் கட்டி, அரை நிமிஷம் வைத்து எடுங்கள். இப்படி ஐந்து தடவை, ஒரு நாளில் நாலைந்து வேளை. இறுக்கம் விட்டதும் நடுவில் இன்னொரு குச்சியைச் செருகுங்கள், மெல்ல ஏறும். பல் ஆடினால் அந்தப் பக்கம் வைக்காதீர்கள். முன்பு நன்றாகத் திறந்த வாய் திடீரென்று இறுகினால் புற்று திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்போது குச்சியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலூர்: கரண்ட் வைத்த தாடையில் பல் எடுப்பதற்கு முன், அழுத்தம் கூட்டிய ஆக்சிஜன் அறையில் 20, 30 தடவை உட்கார வேண்டுமாம். நகையை அடகு வைக்க நினைக்கிறோம்.

நகை வீட்டில் இருக்கட்டும். முன்பு எல்லோரும் அப்படித்தான் நம்பினோம். பிரிட்டனில் நடத்திய ஹோபான் ஆய்வு 2019-ல் வெளியானது. ஆக்சிஜன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் எலும்பு அழுகல் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது, இரண்டு பக்கமும் 6 சதவீதம் சுற்றித்தான். எலும்பில் அதிகம் கை வைக்காமல் பல்லை எடுத்து, ஈறைத் தையல் போட்டு மூடி, ஆன்டிபயாட்டிக் கொடுப்பதுதான் முக்கியம். பென்டாக்ஸிஃபிலின், வைட்டமின் ஈ மாத்திரைகளையும் சிலர் சேர்த்துக் கொடுப்பார்கள், அவை எட்டாத விலை இல்லை. ஏற்கெனவே எலும்பு வெளியே தெரிகிறது, சீழ் வருகிறது, உதடு மரத்துப்போகிறது என்றால் கதை வேறு; அதை முக அறுவை சிகிச்சை நிபுணர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.